பதினோரு நிமிஷம் முந்திப் போன வண்டி

கோயமுத்தூரில் கணபதி என்கிற பேட்டைக்கு வடக்கே, பட்டறையும் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு தெருவில், நாச்சிமுத்து என்றொரு லேத்துக்காரன் இருந்தான். இரும்பு எதைக் கொடுத்தாலும் மயிரிழை பிசகாமல் கடைந்து தருவான், ஆசை என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்கு அளவே தெரியாது, அதனால்தான் இருந்த இரண்டு லேத்தில் ஒன்றை விற்றுப்போட்டு, பூட்டிக் கிடந்த ஒரு மில்லின் கொட்டகையிலிருந்து அந்தக் காரை வாங்கி வந்தான். மில் முதலாளியின் மகன் ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டிய ஜெர்மனி வண்டி. ஆறு சிலிண்டர், ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. இருபது வருஷம் கொட்டகையில் கிடந்ததில் சிவப்பு வர்ணம் காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது, சீட்டை எலி தின்றிருந்தது, கூரையில் புறா குடும்பம் நடத்திய அடையாளம் அப்படியே இருந்தது. ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏனுங், புத்தி கித்தி பிசகிப்போச்சுங்களா?" என்றாள் அவன் பெண்டாட்டி தெய்வானை. "சோறு போட்ட மிசினை வித்துப்போட்டு, தள்ளுனாத்தான் நகருற பண்டத்தை வாங்கியாந்திருக்கறீங்களே!"

"ஓடும் தெய்வான. ஓட வெக்கறேன் பாரு."

"ஓடுச்சுன்னா என்னைய ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங். பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போயி என்னால ஆகறதில்ல."

தெய்வானைக்கு நெஞ்சில் ஓடுவது சொந்த வால்வு இல்லை. சின்ன வயசுக் காய்ச்சலில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு டாக்டர்கள் செயற்கையாக ஒன்றை வைத்திருந்தார்கள், ராத்திரி பக்கத்தில் படுத்தால் டிக் டிக்கென்று அது மூடித் திறக்கிற சத்தம் நாச்சிமுத்துவுக்குக் கேட்கும். அது என்றைக்காவது அடைத்துக்கொண்டால் அரை மணிக்குள் ஆபரேஷன் மேசைக்கு வந்தாக வேண்டும், அதற்கு மேல் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு நாச்சிமுத்து, "ஒரு சாம்பிள் மட்டும் குடுங் டாக்டர், நான் இன்னொன்னு கடைஞ்சு ஸ்பேருக்கு வெச்சுக்கறேன்" என்று கேட்டு வைக்க, டாக்டர் சிரித்துவிட்டார். இவன் சிரிக்கவில்லை. தெருவிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ரயில்வே கேட்டும் மார்க்கெட்டும் தாண்டி நாற்பது நிமிஷம் ஆகும் என்பது அவனுக்குத் தெரியும்.

நாலு மாசம் வண்டியைப் பிரித்துப் பரப்பி, துடைத்து, கழுவி, திரும்பப் பூட்டினான். ஆடி மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை அது முதல் தடவையாக உறுமியபோது எதிர்வீட்டு ஓட்டில் ரெண்டு ஓடு கழன்று விழுந்தது. தெய்வானையை ஏற்றிக்கொண்டு மாதாந்திரச் செக்கப்புக்குக் கிளம்பினான். கிளம்பும்போது மணி ஒன்பது. வண்டி ஒன்றும் பறந்துவிடவில்லை. டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு, கேட்டில் நின்று, மாட்டு வண்டிக்கு வழிவிட்டு, எல்லா வண்டியையும் போலத்தான் போனது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பார்த்தால் கேட்டுக்கு மேலே இருந்த பெரிய கடிகாரத்தில் மணி எட்டரை. டீக்கடை ரேடியோவும் எட்டரை என்றது. டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை.

ஏன் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தத் தெருவிலேயே யாரும் கேட்கவில்லை. இரும்போடு பழகினவர்களுக்கு, மிசின் ஓடுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, ஓடுகிற மிசினிடம் போய் நீ ஏன் ஓடுகிறாய் என்று யாராவது கேட்பார்களா? கிளம்பினதற்கு அரை மணி முன்னாலேயே போய்ச் சேருகிற வண்டி ஒன்று நம் தெருவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தன் பரீட்சைக்குப் போனான். பிறகு முகூர்த்தம் தவறவிருந்த மாப்பிள்ளை ஒருவன் போய், பெண் வீட்டார் எழுந்திருக்கும் முன்பே மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் கை நசுங்கினவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள், இடுப்பு வலி கண்டவர்கள் என்று வரிசை கட்டினார்கள். அந்தத் தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் ஆனதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், ரெண்டு வருஷத்துக்கு அங்கே ஒரு சாவுகூட விழவில்லை. ஆயுத பூசைக்கு முதல் பொட்டு அந்த வண்டிக்குத்தான், அப்புறம்தான் லேத்துக்கும் டிரில்லுக்கும்.

வழக்கமும் ஒன்று தானாக உண்டாகிப்போனது. வண்டியில் முந்திப் போனவர்கள், நோயாளியை உள்ளே சேர்த்ததும், கிளம்பின நேரம் கடிகாரத்தில் திரும்ப வருகிற வரைக்கும், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். டீ குடிக்கலாம், பேசக்கூடாது. ஆரம்பத்தில் ஒரு அவசரக்குடுக்கை, போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டான். வீட்டில் இன்னும் கிளம்பாமல், எந்தச் சேலையைக் கட்டலாமென்று நின்றுகொண்டிருந்த அவன் ஆத்தா, அவனோடு வண்டியில் வந்து இங்கே பக்கத்தில் நிற்கிற அதே ஆத்தா, போனை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாப் பேச்சும் ரெண்டு தரம் கேட்கிறது. அது போதாதா? தெரு வாயைப் பொத்திக்கொண்டது.

வண்டிக்கு வயசு ஆகிறதில்லையா, அதற்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் வாட்டர் பம்ப். சீமையிலிருந்து வரவழைக்க மூன்று மாசம் ஆகும் என்று மெட்ராஸ் கடைக்காரன் சொன்னான். தெருவே சிரித்தது. "நம்ம வீதியில நின்னுக்கிட்டு பம்ப்பைச் சீமையில கேக்கறதா? சாம்பிள் குடுங் மாப்ள, சாமியவே கடைஞ்சு தாறோம்!" என்று ஆளாளுக்குச் சட்டையைக் கழற்றினார்கள். பழசை அளந்து, அச்சு எடுத்து, வார்த்து, கடைந்து, மூன்றே நாளில் அதைவிட நயமாக ஒன்றைப் பூட்டினார்கள். அளவெடுத்து முடிந்த சாம்பிளை அந்தத் தெருவில் யாரும் வைத்துக்கொள்வதில்லை, தேய்ந்த இரும்பு பட்டறைக்கு ஆகாது என்று உலையில் போட்டு உருக்கிவிடுவார்கள். அப்படியேதான் செய்தார்கள். அடுத்த தடவை வண்டி முப்பது நிமிஷத்துக்குப் பதில் இருபத்தேழு நிமிஷம் முந்திப் போனது.

யாரும் கண்டுகொள்ளவில்லை. கிளட்சு போனது, கடைந்தார்கள். கேம் ஷாஃப்ட் தேய்ந்தது, கடைந்தார்கள். பம்ப், புஷ், பேரிங், பல்சக்கரம், ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கடைந்து பூட்டி, பழசை உலையில் போட்டார்கள். இருபத்தேழு இருபத்திரண்டாகி, இருபத்திரண்டு பதினாறாகி, கடைசியில் பதினொன்றில் வந்து நின்றது. நாச்சிமுத்து ஒரு நாள் மெல்ல வாயைத் திறந்தான், "நம்ம சாமான் பூட்டப் பூட்டத்தான் குறையுதோன்னு இருக்குது" என்று. சொல்லியிருக்கவே கூடாது.

"அப்ப எங்க வேலையில குத்தங்கறயா?" என்று பாய்ந்தான் பக்கத்து வீட்டு ராசு. டிரில்லிங் மிசின் போட்டிருப்பவன், நாச்சிமுத்துவுக்குத் தம்பி மாதிரி. "ரோடு கெட்டுப்போச்சு, கேட்டுல கூட்டமாச்சு, அதச் சொல்லு. எங்க கை ஓடுனதுல மயிரளவு பிசகு காட்டு, இன்னிக்கே மிசினை எடைக்குப் போட்டுப்போடறேன்."

பிசகு இல்லை, அதுதான் கொடுமை. எல்லாம் அளவு சுத்தம். உருக்கினதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. நாச்சிமுத்து தனியாக உட்கார்ந்து வண்டி முழுக்க அலசிப் பார்த்தான். ஜெர்மனிக்காரன் கைபட்ட சாமான் இஞ்சினில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தீப்பொறியை ஆறு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள், விரல் நீளத்துக்கு ஒரு ஷாஃப்ட். பதினோரு நிமிஷமும் அதில்தான் இருந்தது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தான், அதுவும் தேய்ந்துகொண்டிருந்தது; ஒவ்வொரு நடைக்கும் ஒரு மயிரிழை. இப்படியே போனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நடை தாங்கும், அதற்கப்புறம் இது வெறும் கார்.

அன்றைக்கு ராத்திரி தெய்வானையின் நெஞ்சுக்குள் டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது, இவனுக்குத் தூக்கமில்லை. பத்து நடையைத் தெரு ஒரு மாசத்தில் தின்றுவிடும். யாருக்கோ விரல் நசுங்கும், யாருக்கோ பல் வலிக்கும், எவனோ ரயிலுக்கு நேரமாச்சு என்பான். இல்லை என்று சொல்ல இவனுக்கும் வாய் வராது, தெய்வானையும் விடமாட்டாள். "வண்டிய வெச்சுக்கிட்டு இல்லீங்கறதுக்கு வாய் கூசாதுங்களா?" என்பாள். அவளுடைய நாள் வரும்போது வண்டி இருக்கும், நிமிஷம் இருக்காது.

காலையில் எழுந்ததும் அந்த ஷாஃப்டைப் போலவே இன்னொன்று கடைந்தான். அவன் ஆயுசில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ரெண்டையும் உள்ளங்கையில் வைத்தால் அவனுக்கே அடையாளம் தெரியாது. கடைந்ததை வண்டியில் பூட்டினான். அசலை, எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு முடியாமல் போனால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். இனி இஞ்சினை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் வண்டி எல்லா வண்டியையும் போல நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டது. முதல் நடையில் பிரசவத்துக்குப் போனவள் ரயில்வே கேட்டிலேயே பெற்றுவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம், தெரு சிரித்து மாளவில்லை. "வண்டிக்கு வயசாயிருச்சப்பா" என்று சொன்னார்கள். அடுத்த நடை ஒரு கால் முறிவு, அதுவும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் குறையில்லை என்று நாச்சிமுத்து மனசைத் தேற்றிக்கொண்டான். பையில் கை வைத்துப் பார்ப்பது மட்டும் அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

ராசுவுக்கும் அவன் பெண்டாட்டி பூங்கொடிக்கும் ஒரே பிள்ளை, ஆறு வயசு, சௌமியா என்று பேர். தெய்வானைக்குப் பிள்ளை இல்லாததால் அது பாதி நாள் இந்த வீட்டில்தான் தின்றது, தூங்கியது. ஐப்பசி மாசத்தில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் லீவு, வார்ப்புப் பட்டறைக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்த பழைய மணலில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தது. மணலுக்குள் விரியன் கிடந்திருக்கிறது.

தெருவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடி வந்தது. இருபது முப்பது பேர். பூங்கொடி பின் சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "எடுங்ணா, எடுங்ணா" என்று கத்தினாள். நாச்சிமுத்து பானெட்டுக்கு முன்னால் நின்றான். பத்து நிமிஷம் போதும். கழற்றி மாட்டினால், பாம்பு கடித்த சூட்டோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றுவிடலாம், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முப்பது பேருக்கு முன்னால் பானெட்டைத் திறந்து, பையிலிருந்து அந்த ஷாஃப்டை எடுக்க வேண்டும். இத்தனை நாள் எடுத்து ஒளித்து வைத்திருந்தாயா என்று அத்தனை கண்ணும் கேட்கும். கை பை வரைக்கும் போனது, அங்கேயே நின்றுவிட்டது. பாவி, அந்தக் கையை அவன் வெளியே எடுக்கவே இல்லை. விரட்டி ஓட்டினால் போய்விடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

எவ்வளவு விரட்டினாலும் ரயில்வே கேட் ரயில்வே கேட்தானே. ஒற்றைக் கையில் ஓட்டினான், இன்னொரு கை வழியெல்லாம் நெஞ்சுப் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது. டாக்டர் பிள்ளையின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கால் மணி முந்தி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பினபோது நாச்சிமுத்து தன் வாசலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ராசு வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பூங்கொடி, தலைமயிர் அவிழ்ந்தது அவிழ்ந்தபடி, அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க என்னங்ணா பண்ணுவீங்க, வயசான வண்டி" என்றாள். "வழியெல்லாம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே ஓட்டுனீங்களே, உங்களுக்கு வலிக்குதுங்களா? ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்."

அன்றைக்குச் சாயங்காலமே அவன் அசல் ஷாஃப்டை வண்டியில் பூட்டிவிட்டு மேலே தார்ப்பாய் போர்த்தினான். வண்டி செத்துவிட்டது என்று தெருவுக்குச் சொன்னான், தெரு நம்பியது. யாரும் அதற்கப்புறம் வண்டி கேட்டு வரவில்லை. ஆயுத பூசைக்கு மட்டும், செத்தவர் படத்துக்கு வைப்பது போல, தார்ப்பாய்க்கு மேலே ஒரு முழம் பூ வைத்தார்கள். தெருவில் மறுபடி சாவு விழ ஆரம்பித்தது. ராசு பட்டறை வேலையை விட்டுவிட்டு எங்கேயோ வாட்ச்மேன் வேலைக்குப் போனான். பூங்கொடி வீட்டில் தனியாக இருக்க மாட்டாமல் தினமும் தெய்வானையிடம் வந்து உட்கார்ந்துகொள்வாள், ரெண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குவார்கள். நாச்சிமுத்து பட்டறைக்குள்ளிருந்து வெளியே வருவதில்லை.

பதினான்கு மாசம் கழித்து, ஒரு மார்கழி முற்பகலில், பூங்கொடி அலறின அலறலில் ஓடி வந்தான். தெய்வானை முறத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. காதை வைத்துக் கேட்டான். டிக் டிக் இல்லை, ஏதோ சோர்ந்த சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. தார்ப்பாயை உருவி எறிந்தான், பூ எங்கேயோ போய் விழுந்தது. பூங்கொடி கேட்கக்கூட இல்லை, தெய்வானையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு உட்கார்ந்த அதே பின் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி ஒரே திருப்பில் உறுமியது. பூங்கொடி கண்ணில் பட்ட சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது.

போனார்கள். கேட் சாத்தியிருந்தது, நின்றார்கள். மார்க்கெட்டில் லாரி திரும்பியது, நின்றார்கள். பூங்கொடி, "அக்கா, அக்கா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள், வேறெதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரியான நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

அப்போதுதான் பூங்கொடி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தொன்பது.

அவள் கத்தவில்லை. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, நேரம் தீருகிற வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள், இவனும் போய் நின்றான். டீக்கடைக்காரன் பழக்கத்தில் ரெண்டு டம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நேரத்தில் தெருவில் தெய்வானை இன்னும் விழவில்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இதே பூங்கொடி எதுவும் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாள். இங்கே இருக்கிற பூங்கொடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீயில் ஆடை படிந்தது. பெரிய முள் ஒவ்வொரு கோட்டையும் தாண்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் நாச்சிமுத்து மூன்று தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், ஒன்றுகூட வாய்க்கு வெளியே வரவில்லை. அவள் யோசிப்பது அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கை, அவனைக் கேட்காமலே, சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

பூங்கொடி அந்தக் கையைப் பார்த்தாள்.

மணி பத்து நாற்பது ஆனது. உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "தெய்வானை கூட வந்தவங்க யாருங்க? ஊசி போட்டதுல முழிச்சிட்டாங்க, பயமில்ல, ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்திப் பூங்கொடிங்கறவங்களைக் கேக்கறாங்க" என்றாள். பூங்கொடி ஆறிப்போன டீயை மரத்தடியில் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கல்லின் மேல் வைத்தாள்.

"அன்னிக்குப் பாக்கெட்டுல என்னங்ணா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.